வட்டத்துக்குள் இருவர்

சில வருடங்களுக்கு முன் எங்கள் வாசகர் சந்திப்பில் 'மக்பெத்' பற்றிப் பேசும் முறை எனக்கு வந்தது. அரைமணி நேரம் பேசினேன். சாரம் ஒரே வரிதான்: நல்ல வீரன், பெண்டாட்டி பேச்சைக் கேட்டுக் கெட்டான். கூனி, கைகேயி என்று உதாரணம் வேறு. எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு தோழி மட்டும், "நீ நாடகத்தப் படிச்சியா, இல்ல கதைச்சுருக்கத்தப் படிச்சியா?" என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. நான் படித்திருந்தது கதைச்சுருக்கம்தான்.

அவள் சொல்லித்தான் டிரெவர் நன் இயக்கிய 'மக்பெத்'தின் ஒளிப்பதிவைப் பார்த்தேன். ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி 1976இல் மேடையேற்றிய நாடகம். ஸ்ட்ராட்ஃபோர்டில் 'தி அதர் பிளேஸ்' என்ற சின்னத் தகரக் கொட்டகையில் தொடங்கியது. பிறகு ஒளிப்பதிவு செய்யப்பட்டு 1979இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வந்தது. இயன் மெக்கெல்லன் மக்பெத், ஜூடி டென்ச் லேடி மக்பெத்.

முதல் பத்து நிமிடம் ஏமாற்றமாக இருந்தது. அரச நாடகம் என்றால் எனக்குச் சிவாஜியின் கட்டபொம்மன்தான்: தர்பார், தூண், திரைச்சீலை, அதிரும் குரல். இங்கே எதுவுமில்லை. தரையில் ஒரு வட்டம். சுற்றிலும் இருட்டு. நடிகர்கள் வட்டத்தின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். பலருக்கும் சாதாரணக் கறுப்பு உடை. வயதான அரசர் டங்கன் மட்டும் வெள்ளையில், கைத்தாங்கல் தேவைப்படும் அளவுக்குத் தளர்ந்து நிற்கிறார். இந்த மனிதரைக் கொல்ல வீரம் எதுவும் தேவையில்லை என்பது அப்போதே தெரிந்துவிடுகிறது.

வரலாற்றில் அப்படியில்லை. நிஜமான டங்கன் கிழவரல்ல. 1040இல் மக்பெத்தின் படையோடு நடந்த சண்டையில் இறந்தவர். அதன்பின் மக்பெத் பதினேழு வருடம் ஸ்காட்லாந்தை ஆண்டார். இடையில் ரோமுக்கு யாத்திரை போய்வரும் அளவுக்கு அவர் ஆட்சி நிலையாக இருந்தது. ஷேக்ஸ்பியர் கையிலெடுத்த ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூலில் பாங்க்கோவும் கொலைக்கு உடந்தை. ஆனால் நாடகம் எழுதப்பட்ட 1606 வாக்கில் இங்கிலாந்தின் அரியணையில் இருந்த ஜேம்ஸ், தன் வம்சம் பாங்க்கோவிலிருந்து வந்ததென்று நம்பியவர். நாடகத்தில் பாங்க்கோ சுத்தமானவராகிவிட்டார். அரியணையில் இருப்பவனுக்கு ஏற்றபடி பழைய கதை திருத்தப்படுவது நமக்குப் புதிதல்ல.

என் பேச்சுக்கு வருகிறேன். பெண்டாட்டிதான் கெடுத்தாளா?

சூனியக்காரிகள் 'நீ அரசனாவாய்' என்றதும் மக்பெத் திடுக்கிடுகிறான். நல்ல செய்திக்கு ஏன் பயப்படுகிறாய் என்று பாங்க்கோவே கேட்கிறார். மெக்கெல்லன் அந்த இடத்தில், ஒளித்து வைத்திருந்த ஒன்றை யாரோ எடுத்துக் காட்டிவிட்டது போல நிற்கிறார். கொலை எண்ணம் அவன் மனதில் வந்துவிட்டது. அவன் மனைவி இன்னும் மேடைக்கே வரவில்லை. பிரதியில் இது எப்போதும் இருந்ததுதான். நான்தான் பார்க்கவில்லை.

அவள் வருகிறாள். தீய சக்திகளைத் தனக்குள் அழைக்கும் அந்தப் புகழ்பெற்ற பேச்சைப் பலரும் ராட்சசி போலச் செய்வார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். டென்ச் பாதியில் பயந்து பின்வாங்குகிறார். கூப்பிட்டது நிஜமாகவே வந்துவிட்டதோ என்ற பயம். பிறகு தன்னைத் தேற்றிக்கொண்டு மறுபடி தொடங்குகிறார். பிறவியிலேயே கல்நெஞ்சக்காரி என்றால் கல்லாக்கச் சொல்லி யாரையும் கெஞ்ச வேண்டியதில்லையே.

அவளுக்குப் பங்கில்லை என்று சொல்லவரவில்லை. அவன் தயங்கும்போது ஆண்மையைக் குத்திக்காட்டித் தள்ளுவது அவள்தான். திட்டமும் அவளுடையது. ஆனால் டென்ச்சும் மெக்கெல்லனும் அதை மயக்குபவளும் மயங்குபவனுமாகச் செய்யவில்லை. ஒருவரையொருவர் விரும்பும் கணவன் மனைவி, வீட்டில் ராத்திரி நேரத்தில் தாழ்ந்த குரலில் பேசுவது போல இருக்கிறது. கடன் வாங்குவதா, வேலையை விடுவதா என்று நம் வீடுகளிலும் இதே குரலில்தான் பேசுவார்கள். அந்தச் சாதாரணம்தான் நடுக்கம் தருகிறது.

அதன்பிறகு நடப்பதைத்தான் நான் முழுக்கத் தவறவிட்டிருந்தேன். டங்கனின் காவலர்களை மக்பெத் கொல்வது அவளிடம் கேட்காமல். பாங்க்கோவைக் கொல்ல ஆள் அனுப்புவதும் அவளுக்குத் தெரியாமல். அவள் கேட்கும்போது, 'நீ தெரிந்துகொள்ள வேண்டாம்' என்ற பாவனையில் செல்லமாகப் பேசி ஒதுக்குகிறான். மகுடம் இருவரும் சேர்ந்து ஆசைப்பட்டது. வந்தபின் அவளுக்கு அதில் இடமில்லை.

விருந்துக் காட்சியில் பாங்க்கோவின் ஆவியாக எந்த நடிகரும் வருவதில்லை. வெற்றிடத்தைப் பார்த்து மக்பெத் அலறுகிறான். வாயோரம் எச்சில் வழிகிறது. அவன் பார்ப்பதை நாமும் பார்க்க முடியாததால், நாம் அவள் பக்கம் உட்கார்ந்துவிடுகிறோம். எதைக் கண்டு இந்த மனுஷன் இப்படி ஆகிறான் என்று தெரியாமல், விருந்தாளிகளைச் சமாளித்து அனுப்பும் மனைவியின் பக்கம். விருந்தினர் போனபின் இருவரும் தனியாக நிற்கிறார்கள். அதுவே அவர்கள் சேர்ந்திருக்கும் கடைசிக் காட்சி. இதற்கப்புறம் நாடகம் முடியும்வரை ஷேக்ஸ்பியர் அவர்களை ஒன்றாக மேடையேற்றவேயில்லை.

அடுத்து அவளைப் பார்க்கும்போது தூக்கத்தில் நடக்கிறாள். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவும் அந்தக் காட்சியில் டென்ச்சிடமிருந்து மூச்சு தீரும்வரை நீளும் ஒரு மெல்லிய ஓலம் வருகிறது. நான் லேப்டாப்பை நிறுத்திவிட்டு எழுந்து போனேன். அந்தக் கனவிலும் அவள் கணவனிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறாள். படுக்க வரச்சொல்லி அழைக்கிறாள். அவனோ அங்கே இல்லை. அவள் இறந்த செய்தியை அவனுக்குச் சொல்வது ஒரு பணியாள்.

குறைகளும் உண்டு. அந்தக் கொட்டகையில் தன் காட்சி இல்லாத நடிகர்கள் வட்டத்துக்கு வெளியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்களாம். அதாவது எந்தக் கொலைக்கும் சாட்சிகள் உண்டு. கேமரா முகங்களுக்கு மிக அருகில் போவதால் பெரும்பாலான நேரம் நமக்கு அந்தச் சாட்சிகள் தெரிவதில்லை. முகம் கிடைக்கிறது, வட்டம் தொலைகிறது. இங்கிலாந்தில் மால்கம் மக்டஃப்பைச் சோதிக்கும் காட்சியும் நீளம்தான். ஆனால் அதன் முடிவில், மனைவியும் குழந்தைகளும் கொல்லப்பட்டதைக் கேட்டு பாப் பெக் அசையாமல் நிற்கும் நிற்பு அந்த நீளத்தை மன்னிக்க வைக்கிறது. மனைவியை இழந்த இருவர் இந்த நாடகத்தில் இருக்கிறார்கள். மக்டஃப்பால் துக்கப்பட முடிகிறது. மக்பெத்துக்கு அதற்கும் தெம்பில்லை.

கடைசியில் ஜெயகோஷம் இல்லை. வென்றவர்களும் களைத்துப்போயிருக்கிறார்கள். மக்டஃப்பின் கைகளிலும் ரத்தம்.

'மனைவி சொல்லால் கெட்டவன்' என்பது சுலபமான வாசிப்பு. ஆசை அவனுடையது, பழி அவளுடையது என்று கணக்கை முடித்துவிடலாம். தசரதன் வரம் கொடுத்ததைவிடக் கைகேயி கேட்டதைத்தான் நாம் அதிகம் பேசியிருக்கிறோம். அன்று நான் செய்ததும் அதுதான். பெரிய அரங்கும் கிரீடங்களும் இருந்திருந்தால் மறுபடியும் அப்படியே பார்த்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

இரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஹெட்போன் போட்டுக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். பாதி வசனம் கிசுகிசுப்புதான். முடிந்தால் அதற்கு முன் நாடகத்தைப் படித்துவிடுங்கள். கதைச்சுருக்கத்தை அல்ல.