வழி கண்டவரும் பெயர் பெற்றவரும்

புத்தளக் கடற்கரையிலுள்ள பாலாவி, களப்பும் உப்பளமும் சூழ்ந்த சமநிலம். அருவக்காட்டில் வெட்டப்படும் சுண்ணாம்புக்கல் இங்குள்ள ஆலையிற் சீமெந்தாகின்றது. கல் இவ்வூரில் அறியப்படுவது தொழிலால், ஏற்றத்தாலன்று. மலையைப் பற்றிய அறிவு இங்குள்ள மாணவர்க்கு நூல்வழியே வருவது. ஆதலின், மலைவழி கண்டவராக நூல்களும் பதிவுகளும் யாரைக் காட்டுகின்றன என்னும் வினா அவர்க்கும் உரியதே.

குறிஞ்சிப் பாடல்களில் இரவில் மலைவழியே வருபவன் தலைவன். அவ்வழியின் ஏதத்தை எண்ணி அஞ்சுபவள் தலைவி. மலையைத் தன் ஊராகக் கொண்டவள் பெரும்பாலும் அவளே. ஆயினும் வழி அவனுடையதாகின்றது. இம்மரபுக்குப் புறம்பாக நிற்பவர் காரைக்காலம்மையார். கயிலையைக் காலால் மிதித்தல் தகாதெனக் கருதித் தலையால் நடந்தேறினார் என்கின்றது பெரியபுராணம். பிறர் சென்ற முறையை அவர் பின்பற்றினாரல்லர். ஏறும் முறையையே புதிதாக வகுத்துக்கொண்டார்.

இன்றைய பாறையேற்றப் பதிவுகளிலும் பழைய மரபின் நிழல் உண்டு. போல்டரிங் எனப்படும் விளையாட்டிற் கயிறு இல்லை. சில மீற்றர் உயரமுள்ள பாறையில் விரல்வலியும் கால்நுட்பமுமே துணை. வீழ்ந்தால் தாங்கக் கீழே மெத்தை. புதுவழி திறத்தல் என்பது ஒரு செயலன்று. பாறையைத் தேடிக் காணல், பாசியும் மண்ணும் நீக்கல், விழுமிடத்தைச் சீர்செய்தல், பிடிகளின் ஒழுங்கை உய்த்துணர்தல், ஏறிமுடித்தல், பெயரிடல் ஆகிய பலவற்றின் தொகுதி அது. பதிவேடோ முதலில் ஏறிமுடித்தவரை மட்டுமே எழுதுகின்றது. தூரிகையாற் பாசி துடைத்தவரும் பிடியின் ஒழுங்கைக் கண்டு சொன்னவரும் அதில் இடம்பெறுவதில்லை.

பெண்களுக்கு அப்பதிவு தரும் தனியிடம் ‘முதற் பெண் ஏற்றம்’ என்பது. ஆடவர் ஒருவர் திறந்த வழியைப் பின்னர் ஏறிய முதற் பெண் என்பதே பெரும்பாலும் இதன் பொருள். 2016 மார்ச்சில், 14 வயதினரான அஷிமா ஷிராயிஷி யப்பானின் ஹியெய் மலையில் ‘ஹொரைசன்’ என்னும் வழியை ஏறினார். அதனைத் திறந்தவர் டாய் கொயமடா. அத்தரத்தை எட்டிய முதற் பெண் அஷிமா என்பது உண்மை. ஆண் பெண் இருபாலாரிலும் அவ்வழியை ஏறிய இரண்டாமவர் அவர் என்பதும் உண்மை. முன்னது ஒளிபெறப் பின்னது மங்குகின்றது.

கயிற்றேற்றத்திலிருந்து ஒரு சான்று இதனை மேலும் தெளிவாக்கும். 2008 இல் அமெரிக்காவின் யொசமிற்றிப் பள்ளத்தாக்கிற் பெத் றொடன் ‘மெல்ற்டவுண்’ என்னும் வழியைத் திறந்தார். அதனை மற்றொருவர் ஏறியது 2018 இலேயே. அங்கே அவரோடு ஒப்பிட முன்சென்ற ஆடவர் எவரும் இலர், பின்வந்தவரே உளர். இலங்கையிலும், 2016 மே 21 இல் எவரெஸ்ற் உச்சியை அடைந்த ஜயந்தி குரு உதும்பால, அதனை அடைந்த முதல் இலங்கையர். அவரை முதல் இலங்கைப் பெண் என்று மட்டும் கூறுவது உண்மையைக் குறைத்துக் கூறுவதாகும்.

தனிவகுப்பினாற் பயன் இல்லையென்பதன்று. முன்மாதிரி தேடும் இளையவர்க்கு அது ஊக்கமளிக்கும். ஆனால் அதனையே முழு வரலாறாகக் கொள்ளின், பெண் என்றும் பின்தொடர்பவளாகவே எஞ்சுவாள். சீகிரியாவின் கண்ணாடிச் சுவரிலிருந்து செனரத் பரணவிதான 1956 இற் பதிப்பித்த 685 பாடல்களுட் பெண்கள் எழுதியனவும் உள. அன்று அக்குன்றுக்கு அவர்கள் வந்தமை இன்று அறியப்படுவது, அவர்கள் தாமே அதனை எழுதிவைத்தமையால். பாறை கண்டவர், துடைத்தவர், ஏறியவர் என மூவரையும் ஒருங்கே எழுதும் பதிவேடு தோன்றுமாயின், புதுவழிகளிற் பெண்களின் பங்கு எத்துணை என்பது அப்பொழுதே அளவிடப்படும்.