பெயர் சொல்லாத தந்தை

பல வருடங்களாக ருஸ்தம் – சுஹ்ராப் கதையை வகுப்பில் சொல்லி முடிக்கையில் ‘எல்லாம் விதி’ என்று ஒரு வசனத்தையும் சேர்த்துக்கொள்வேன். ஆசிரிய கலாசாலையில் நான் கேட்டதும் அதுவே. ஒருநாள் கடைசி வாங்கிலிருந்த மாணவனொருவன் எழுந்து, “சேர், அவன் பேரக் கேட்டானே, அவர் ஏன் சொல்லல்ல?” என்றான். நல்ல வேளையாக மணி அடித்துவிட்டது. கேள்வி மாத்திரம் என்னோடு வீட்டுக்கு வந்தது.

தொன்மங்களை ஒப்பிட்டு எழுதுவோர் நம்மிடையே அநேகர். அங்கும் தந்தை மகன் போர், இங்கும் தந்தை மகன் போர் என்று காட்டியதுமே ஒப்பியல் முடிந்துவிட்டதாக அவர்கள் எண்ணிவிடுகின்றனர். ஒற்றுமை காண்பது எளிது. ருஸ்தம் தொலைந்துபோன தன் குதிரை ரக்ஷைத் தேடிச் சமன்கானுக்குப் போனான், தஹ்மீனாவை மணந்தான். மகாபாரதத்து அருச்சுனன் வேள்விக் குதிரையின் பின்னால் மணிபுரம் போய், சித்திராங்கதை பெற்ற தன் மகன் பப்புருவாகனனை எதிர்கொண்டான். இரண்டிலும் குதிரை, இரண்டிலும் எல்லைக்கு அப்பாலுள்ள நாடு, இரண்டிலும் தாயிடம் வளர்ந்த மகன். இவ்வளவையும் எழுதிவிட்டால் ஒரு கட்டுரையாகிவிடும். ஆனால் மாணவனின் கேள்விக்குப் பதில் அதில் இல்லை.

யாருக்கு என்ன தெரிந்திருந்தது என்று பார்க்குமிடத்து இக்கதைகள் ஒன்றையொன்று விட்டு வெகுதூரம் விலகிவிடுகின்றன. மணிபுரத்தில் ஒளிவுமறைவே இல்லை. மகன் தந்தையை மரியாதையோடு வரவேற்கத்தான் வருகிறான். போர் செய்யாமல் வந்தாயே என்று தந்தைதான் ஏசுகிறான். நாககன்னி உலூபியும் தூண்டிவிடுகிறாள். அயர்லாந்தின் கூஹுலின் கதை இன்னும் கொடூரமானது. பெயரை எவனுக்கும் சொல்லாதே, சமருக்கு அழைத்தால் மறுக்காதே என்று மகனுக்குக் கட்டளையிட்டுச் சென்றவனே தந்தைதான். சிறுவன் கொன்லா கடற்கரையில் வந்திறங்கியபோது, அவன் உன் மகன், போகாதே என்று மனைவி ஏமர் தடுக்கிறாள். மகனேயாயினும் அல்ஸ்டரின் மானத்துக்காகக் கொல்வேன் என்று அவன் போய்விடுகிறான். தெரிந்தே கொன்றான். அங்கே முரண் தந்தைக்கும் மகனுக்குமிடையே அல்ல, குலப்பெருமைக்கும் பாசத்துக்குமிடையே.

1010இல் நிறைவுற்ற ஷாஹ்நாமாவில் பிர்தவ்ஸி செய்திருப்பது வேறு. அங்கே உண்மை பலரிடம் சிதறிக் கிடக்கிறது. ருஸ்தமை அடையாளம் காட்டவென்று தஹ்மீனா அனுப்பிய ஆள் ஒருவன் சுஹ்ராபுடன் வந்திருந்தான். இரவில் மாறுவேடத்தில் பாளயத்துக்குள் நுழைந்த ருஸ்தம், யாரென்று அறியாமலே அவனைக் குத்திக் கொன்றுவிடுகிறான். சிறைப்பட்ட ஹஜீருக்கு ருஸ்தமின் கூடாரம் எதுவென்று தெரியும். தன் வீரனைக் காப்பாற்றுவதாக எண்ணி அவன் பொய் சொல்கிறான். தந்தையும் மகனும் ஒருவரையொருவர் அறியக்கூடாது என்பதற்காகவே துரானிய மன்னன் அப்ராசியாப் ஆட்களை அனுப்பியிருக்கிறான். யாவற்றுக்கும் மேலாக, சமன்கானில் தனக்கொரு மகன் உண்டு என்பது ருஸ்தமுக்கே தெரியும். அவன் இன்னும் குழந்தை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். சுஹ்ராப் நேருக்கு நேர், நீ ருஸ்தம்தானே என்று கேட்கிறான். இல்லை என்கிறான் தந்தை. முதல் தடவை விழுத்தியவனைக் கொல்வது முறையல்ல என்று ஏமாற்றி உயிர் தப்பியவன், தன் முறை வந்ததும் அந்த முறையைப் பார்க்கவில்லை. கவசத்தைத் திறந்த பிறகுதான் புயத்திலிருந்த மணி தெரிகிறது.

இதை விதி என்பதா? கதையின் பாயிரத்தில் பிர்தவ்ஸியே மரணத்தின் நீதி பற்றிப் பேசுகிறார் என்பது உண்மை. அதைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் பாயிரத்தோடு நின்றுவிட்டார்கள் என்றே சொல்வேன். கதைக்குள் அவர் கதவுக்குமேல் கதவு திறந்து வைக்கிறார். ஒவ்வொன்றையும் மூடுவது ஒரு மனிதனின் கை.

மருந்து விடயத்தில் இது இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. அருச்சுனன் மாண்டதும் உலூபி நாகலோகத்து மணியைத் தருகிறாள். அதை மார்பில் வைத்ததும் எழுந்துவிடுகிறான். பீஷ்மரை வீழ்த்திய பாவம் கழிந்தது என்று விளக்கமும் தருகிறாள். எல்லாம் ஏற்கெனவே ஏற்பாடானது. விதி என்ற சொல் பொருந்துவது அங்கேதான். ஈரானிலும் மருந்து இருக்கிறது, மன்னன் கைகாவூஸின் களஞ்சியத்தில். ருஸ்தம் ஆளனுப்பிக் கேட்கிறான். இத்தகைய வீரர் இருவர் ஒன்றுசேர்ந்தால் தன் சிம்மாசனம் என்னாவது என்று கணக்குப் பார்த்து மன்னன் மறுத்துவிடுகிறான். எந்த ருஸ்தம் அந்தச் சிம்மாசனத்தைக் காக்கவென்று பெயரை மறைத்தானோ, அவனுக்கே இந்த மறுப்பு.

1853இல் இக்கதையை ஆங்கிலத்தில் பாடிய மத்தியூ ஆர்னல்ட் இந்த மருந்தை முற்றாக விட்டுவிட்டார். (அவரும் பாடசாலைப் பரிசோதகராக இருந்தவர்தான், நமக்கு உறவு.) பிறந்தது பெண் என்று தாய் பொய் சொன்னதாக அமைத்து, தந்தையின் சுமையில் பாதியை அவள் தலையில் ஏற்றினார். இறுதியில் ஒக்ஸஸ் நதி அமைதியாக ஓடுகிறது. அழகான முடிவு. ஆனால் அரசன் தப்பிவிட்டான். நம்மில் பலர் படித்ததும் பிறருக்குச் சொன்னதும் இந்தக் கதையைத்தான் என்று நினைக்கிறேன்.

பிர்தவ்ஸியில் நதி இல்லை. மருந்து மறுக்கப்பட்டதும் மன்னனிடம் தானே போவதற்கு ருஸ்தம் புறப்படுகிறான். பின்னாலிருந்து ஒருவன் ஓடிவருகிறான். மகன் உம்மிடம் இனி மாளிகை கேட்கவில்லை, சந்தூக்குத்தான் கேட்கிறான் என்கிறான்.