வெயிலுக்குக் கருப்புக் கோட்டு

வேலைக்கு என்ன உடுத்திப் போக வேண்டும் என்று விதியே எழுதி வைத்திருக்கும் தொழில்களில் வக்கீல் தொழில் ஒன்று. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் கீழ் இந்திய பார் கவுன்சில் வகுத்த விதிகள் இதை நுணுக்கமாகவே சொல்கின்றன. ஆண்களுக்குக் கருப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, கழுத்தில் வெள்ளைப் பட்டை. பெண்களுக்குக் கருப்பு முழுக்கை மேலுடை, பட்டை, அச்சு வேலைப்பாடு இல்லாத அடக்கமான நிறத்தில் சேலை, இல்லையென்றால் சல்வார். ஆண்கள் வேட்டி கட்டலாம், ஜீன்ஸ் கூடாது என்பது வரைக்கும் விதியில் இருக்கிறது. உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் இவற்றுக்கு மேல் கவுனும் கட்டாயம்.

இந்த ஏற்பாட்டைக் காலனிய மிச்சம் என்று ஒரே வீச்சில் தள்ளிவிட எனக்கு மனம் இல்லை. தோளில் துண்டு போட்டதற்காக மனிதர்களை அடித்த ஊர்கள் நம்முடையவை. யார் எப்படி உடுத்தலாம் என்பதைச் சாதி தீர்மானித்த சமூகத்தில், எல்லோருக்கும் ஒரே உடை என்பது சிறிய விஷயம் அல்ல. அம்பேத்கர் கோட்டு சூட்டோடுதான் பொதுவெளியில் நின்றார். இன்று ஊர் ஊராக நிற்கும் சிலைகளிலும் அவர் அந்த உடையில்தான் இருக்கிறார், அதன் பொருள் ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். குடும்பத்தில் முதல் ஆளாகச் சட்டம் படித்து வந்த பெண், தன் ஊர்ப் பெரிய மனிதரைக் கூண்டில் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்யும்போது, அவள் யார் வீட்டுப் பெண் என்பதை அந்தக் கருப்பும் வெள்ளையும் பின்னுக்குத் தள்ளுகின்றன. முந்நூறு பேர் முட்டி மோதும் கோர்ட்டு வளாகத்தில் கட்சிக்காரர் யாரை அணுகுவது என்பதும் அதனால்தான் தெரிகிறது. இந்தப் பலன்களை இழக்கக் கூடாது என்றே நினைக்கிறேன்.

ஆனால் அந்தச் சமத்துவம் முழுமையானது அல்ல. சீனியர் அந்தஸ்து பெற்ற வழக்கறிஞரின் கவுன் தனி வடிவம். கோட்டின் துணியும் தையலும் வருமானத்தைச் சொல்லிவிடும். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் கொடுக்க வேண்டும் என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் அறிவுறுத்த வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் அவர்கள் என்ன வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்று யோசித்துக்கொள்ளலாம். அந்த வருமானத்தில் ஒருவரிடம் இருப்பது ஒரு கோட்டாகத்தான் இருக்கும். தினமும் துவைக்க முடியாத அந்த ஒன்றை வேர்வையோடு வாரம் முழுக்கப் போட வேண்டும்.

வெயில்தான் இதில் பெரிய கேள்வி. உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றங்களும் தவிர்த்த மற்ற இடங்களில் கோடைக்காலத்தில் கோட்டு கட்டாயமில்லை என்று விதியே விலக்கு தருகிறது. எந்த மாதங்கள் கோடை என்று மட்டும் அது சொல்லவில்லை. நாடு முழுவதற்கும் ஒரே கோடை கிடையாது. ஜூன் மாதம் கேரளத்தில் மழை கொட்டும்போது வேலூரிலும் சென்னையிலும் வெயில் கொளுத்தும். நம் ஊரில் உரிமையியல் நீதிமன்றங்களுக்கு மே மாதம் விடுமுறை, ஆகவே அந்த மாதத்துக்குச் சலுகை தந்து அங்கே பெரிய பயன் இல்லை. மார்ச்சும் ஜூனும்தான் வாட்டுகின்றன. தாலுகா ஊர்களில் மின்விசிறி சுற்றினாலும் காற்று வராத கோர்ட்டு அறைகளில், வழக்கு எண்ணைக் கூப்பிடும் வரை காலையிலிருந்து நின்றுகொண்டிருப்பவர்கள் பெரும்பாலும் ஜூனியர்கள்தான். சேலைக்கு மேல் கோட்டு, அதற்கு மேல் பட்டை என்று நிற்கும் பெண்களுக்கு உடை மாற்றிக்கொள்ள ஒழுங்கான அறைகூட இல்லாத வளாகங்கள் இன்னமும் உண்டு.

மாதங்களை வரையறுக்கும்படி மாநில பார் கவுன்சில்களுக்கு உத்தரவிடக் கோரிய மனுவை 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் விசாரிக்க மறுத்து, இந்திய பார் கவுன்சிலை அணுகச் சொன்னது. 2024 ஏப்ரலில் வெப்பம் ஏறியபோது கேரள உயர் நீதிமன்றம் மே இறுதி வரை மாவட்ட நீதிமன்றங்களில் கோட்டைத் தளர்த்தியது. நல்ல முடிவு. என்றாலும் ஆண்டுதோறும் கேட்டுப் பெறும் தயவாக இருக்கிற வரை அது உரிமை ஆகாது. சங்கம் வலுவாக இருக்கும் ஊரில் சலுகை வரும், இல்லாத ஊரில் நீதிபதியின் மனப்போக்கை ஊகித்து, ஜூனியர் கோட்டைக் கையில் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்.

கோட்டு இல்லாவிட்டால் நீதிமன்றத்தின் மாண்பு குறையும் என்று சொல்பவர்களுக்கு 2020 ஒரு சோதனையாக அமைந்தது. கொரோனா காலத்தில், அந்த ஆண்டு மே மாதம், காணொலி விசாரணைகளுக்கு வெள்ளைச் சட்டை அல்லது வெள்ளைச் சேலை, சல்வாருடன் கழுத்துப் பட்டை போதும் என்று உச்ச நீதிமன்றமே அறிவித்தது. நாட்டின் மிக உயர்ந்த மன்றம் அப்படியே வழக்குகளைக் கேட்டது, தீர்ப்பும் சொன்னது. அடையாளத்துக்கும் ஒழுங்குக்கும் பட்டையும் வெள்ளையும் போதும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. இங்கிலாந்திலேயே 2008-இல் சிவில் நீதிபதிகள் பொய்முடியைக் கழற்றிவிட்டார்கள்.

இன்னொரு குறையைத் தொழிலுக்குள் இருப்பவர்கள் அதிகம் பேசுவதில்லை. பட்டையையும் கவுனையும் பொது இடங்களில் அணியக் கூடாது என்று விதி உண்டு. கோட்டுக்கு அப்படித் தடை இல்லை. அதனால் போக்குவரத்துக் காவலரிடமும் வாடகைத் தகராறிலும் கருப்புக் கோட்டு ஓர் அதிகாரமாகப் பயன்படுகிறது. நீதிமன்றத்துக்குள் ஏற்றத்தாழ்வை மறைக்க உதவும் உடையே வெளியில் சாமானியரை மிரட்டுகிறது என்றால், அதைக் கவனிக்க வேண்டியது பார் கவுன்சில்தான்.

உடை விதியை ஒழிக்க வேண்டாம், திருத்தினால் போதும். தமிழ்நாட்டில் உயர் நீதிமன்றத்துக்குக் கீழே உள்ள எல்லா நீதிமன்றங்களிலும் மார்ச் முதல் செப்டம்பர் வரை பட்டை கட்டாயம், கோட்டு அவரவர் விருப்பம் என்று மாதத்தைக் குறிப்பிட்டு நிரந்தரமாக எழுத வேண்டும். பட்டைக்கு உள்ள அதே தடையைக் கோட்டுக்கும் நீட்ட வேண்டும். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. பெண் வக்கீல்களுக்கு வளாகம்தோறும் அறை கட்டுவதற்குத்தான் பணம் வேண்டும், அதையும் இதோடு சேர்த்தே கேட்க வேண்டும்.