பிரேக் பிடிக்கிற இலை வீணாக்குகிறதா?

மார்கழிக் காலையில் மரக்காணம் வழியாகப் போனால் உப்பளப் பாத்திகளில் மழைத்தண்ணி நிற்கும். கொஞ்சம் உள்ளே தள்ளி கழுவெளி, அதைச் சுற்றி நெல் வயல்கள். எட்டு மணிக்கே வெயில் கண்ணைக் கூசும். இவ்வளவு வெளிச்சத்தையும் இலை பயன்படுத்துகிறதா? இல்லை. தேவைக்கு மேல் வருவதை வெப்பமாக்கி வெளியே தள்ளிவிடும். அதுதான் இலையின் பிரேக்.

மேகம் வந்து வெளிச்சம் குறைந்தாலும் இந்த பிரேக் உடனே விடாது, சில நிமிடங்கள் ஆகும். அந்த நேரம் நஷ்டம்தானே என்று கேட்டார்கள் இலினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். மூன்று மரபணுக்களைக் கூட்டி, பிரேக் போடுவதையும் விடுவதையும் விரைவாக்கினார்கள். 2016ல் புகையிலையில் எடை சுமார் 15 சதவீதம் கூடியது. 2022ல் சோயாவில் விளைச்சல் 33 சதவீதம் வரை கூடியதாகச் செய்தி வந்தது.

கண்ணாடி வீட்டோடு நிற்காமல் வயலில் இறங்கிச் செய்த வேலை இது. அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனா அந்த 33 உச்ச எண். முதல் வருஷம் எட்டு வரிசைகளில் ஐந்தில்தான் விளைச்சல் கூடியது. அடுத்த வருஷம் புயல் காற்றில் செடிகள் சாய்ந்து, விளைச்சலில் வித்தியாசமே தெரியவில்லை. இதே மூன்று மரபணுக்களை அராபிடாப்சிஸ் செடியில் வைத்துப் பார்த்த 2020 ஆய்விலும் வளர்ச்சி கூடவில்லை.

எண்ணை விட எனக்கு உறுத்துவது "வீண்" என்ற சொல். சோயா சோதனை நடந்தது இலினாய் கோடையில். ஊட்டியில் உறைபனி விழும் நாளை யோசியுங்கள். மேகமில்லாத வானம் என்பதால்தான் இரவில் அவ்வளவு குளிர். அதே காரணத்தால் காலையில் சுள்ளென்று வெயில். குளிரில் நொதிகள் மெதுவாகும், சேதமான புரதத்தைப் பழுது பார்க்கும் வேலையும் மெதுவாகும். ஒளியைப் பிடிக்கும் பச்சையம் மட்டும் மெதுவாகாது. மிச்ச ஆற்றல் இலையையே தாக்கும். பனி நாட்டுப் பைன் மரங்கள் குளிர்காலம் முழுக்க பிரேக்கை விடாமல் பிடித்திருப்பது அதனால்தான்.

மரக்காணத்தில் அந்தக் குளிர் கிடையாது. ஜனவரி இரவிலும் 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். இங்கே அந்த வேலையை உப்பு செய்கிறது. வேரில் உப்பு ஏறினால் இலைத்துளைகள் சுருங்கும், கரியமில வாயு உள்ளே வருவது குறையும், வெளிச்சம் மட்டும் குறையாது. கணக்கு ஒன்றுதான்: வரவு அதே, செலவுக்கு வழியில்லை.

அப்படிப்பட்ட இலைக்கு பிரேக்கைச் சீக்கிரம் விடுவது லாபமா, ஆபத்தா? இலினாய் வயல் இதற்குப் பதில் சொல்லாது. உப்பு ஏறிய மண்ணில் ஒரு போகம் வைத்துப் பார்க்க வேண்டும். அதுவரை 33 சதவீதத்தைக் கழுவெளிக் கரை விவசாயியிடம் யாரும் விற்க வேண்டாம்.