ஆறில் ஐந்து பங்கு தண்ணீர்

பழைய பிரெஞ்சு மதுச் சாமான்களைச் சேர்ப்பவர்களின் கண்ணாடி அலமாரியில் மேல்தட்டு எப்போதும் பக்காரா நிறுவனத்தின் படிகக் கண்ணாடிக்குத்தான். 1841 முதல் செய்யப்பட்டுவரும் ஆர்கூர் கோப்பையின் பட்டைகளும் கனத்த அடிப்பாகமும் விளக்கைப் போட்டதும் செய்யும் ஜாலத்தை யாரும் மறுக்க மாட்டார்கள். அடுத்த தட்டு கிறிஸ்தோஃப்லின் வெள்ளி முலாம் பூசிய ஆர்ட் டெக்கோ ஷேக்கர்களுக்கு. ரிக்கார் என்று பெயர் போட்ட பீங்கான் தண்ணீர் ஜக்கு மட்டும் அலமாரிக்குள் வருவதே அபூர்வம். சமையல் மேடையில் மரக்கரண்டிகளைச் செருகிவைக்க அது உதவுகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் கட்சி. பிரான்ஸில் குடிமேசைக்கென்று செய்யப்பட்டவற்றில் யோசனை எங்கே கூடியிருக்கிறது என்று தேடினால், மதுவை ஏந்தும் பொருள்களைவிடத் தண்ணீரை ஏந்தும் பொருள்களில்தான் அது அதிகம்.

அப்சிந்த் காலத்தை எடுத்துக்கொள்ளலாம். எழுபது டிகிரியை ஒட்டிய அந்தப் பச்சைச் சரக்கை அப்படியே குடிக்க முடியாது. மூன்று முதல் ஐந்து பங்கு தண்ணீர், அதுவும் சிறுகச் சிறுக, சர்க்கரைக் கட்டி வழியாக இறங்க வேண்டும். அந்த நிதானமான இறக்கத்துக்காகப் பிறந்தவைதான் அத்தனை சாமான்களும்: சின்னக் குழாய்கள் வைத்த மேசை நீர்க்கலம், அளவு தெரிய அடியில் குமிழ் விட்ட பொந்தார்லியே கோப்பை, விளிம்பிலிருந்து வழுக்காதபடி காம்பில் பள்ளம் வெட்டிய துளைக் கரண்டி. தெகாவின் புகழ்பெற்ற ஓவியத்தில் சோர்ந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணருகே இருப்பதும் காலியான தண்ணீர்க் குடுவைதான். பிக்காஸோ 1914-இல் அப்சிந்த் கோப்பையைச் சிற்பமாக்கி, வெண்கலத்தில் ஆறு வார்ப்புகள் எடுத்து, ஒவ்வொன்றையும் வேறு விதமாகப் பூசினார். கோப்பையை இஷ்டப்படி பிளந்து திருப்பினார். சர்க்கரைக் கட்டியும் வெண்கலம்தான். கரண்டி மட்டும் நிஜமானது. அந்த மலிவுத் தகட்டில் தாம் திருத்த எதுவும் இல்லை என்று அவருக்குத் தோன்றியதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

அந்தக் கரண்டிக்கும் வேலை போயிற்று. 1915-இல் பிரான்ஸ் அப்சிந்தைத் தடை செய்தது. 1932-இல் பால் ரிக்கார் மார்செய் நகரில் பாஸ்தீஸ் என்ற தம் சோம்பு மதுவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதில் அதிமதுரமும் சர்க்கரையும் முன்னமே சேர்ந்திருப்பதால் கட்டிச் சர்க்கரை தேவையில்லை. கட்டி இல்லையென்றால் துளைக் கரண்டி எதற்கு, குழாய் வைத்த கலம்தான் எதற்கு? மிஞ்சியது ஜக்கு. ஒரு பங்கு சரக்குக்கு ஐந்து பங்கு தண்ணீர் என்பது வழக்கமான கணக்கு. ஆக, குடிப்பவர் கையில் இருப்பதில் ஆறில் ஐந்து பங்கு அந்த ஜக்கு கொடுத்தது.

ஜக்கின் மூக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சோம்பு மணத்தைத் தரும் அனெத்தோல் சாராயத்தில் கரையும், தண்ணீரில் கரையாது. தண்ணீர் பட்டதும் பானம் வெளுத்துக் கலங்குவது அதனால்தான். தண்ணீர் சேருமுன் ஐஸ் கட்டியைப் போட்டாலோ அதே அனெத்தோல் குளிரில் உறைந்து செதில் செதிலாக மிதக்கும். எனவே முதலில் சரக்கு, பிறகு தண்ணீர், கடைசியில்தான் ஐஸ். தண்ணீர் குளிர்ந்திருக்க வேண்டுமானால் கட்டிகள் ஜக்குக்குள் கிடக்க வேண்டும். தண்ணீரை விட்டுக் கட்டியைத் தடுப்பது மூக்கின் பொறுப்பு. நல்ல ஜக்கில் மூக்கு நெருக்கிக் கிள்ளப்பட்டிருக்கும். சாய்த்தால் நூல் பிடித்ததுபோல் விழும், நிமிர்த்தினால் சட்டென்று நிற்கும். நிமிர்த்திய பின்னும் வயிற்றில் வழிந்து மேசையை நனைக்கும் ஜக்கை, எவ்வளவு பழையதானாலும், வாங்காதீர்கள். தடித்த சுவர் குளிர்ச்சியைக் காக்கிறது. பரிமாறுபவரின் ஈரக்கை வழுக்காமல் பிடிக்கக் கைப்பிடி அகலமாக இருக்கிறது. மஞ்சளும் பழுப்புமான அந்த மெருகு கஃபேயின் புகையையும் கறையையும் காட்டிக்கொடுப்பதில்லை. எழுத்து மெருகுக்கு அடியில் சுடப்பட்டதா, மேலே அச்சடித்ததா என்பதை நகத்தால் தடவியே சொல்லிவிடலாம். மேலே இருப்பது கழுவக் கழுவத் தேயும்.

விளம்பரப் பொருளுக்கு இத்தனை ஆராதனையா என்று பக்காரா ரசிகர்கள் கேட்பார்கள். ஓவியர் கசாந்த்ர 1932-இல் துபோனே மதுவுக்கு வரைந்த சுவரொட்டியும் விளம்பரம்தான். அதை மாட்டிவைக்க எந்த அருங்காட்சியகமும் கூச்சப்படவில்லை. மேலும், விளம்பரம் என்பதே இங்கே தரத்துக்குக் காரணமானது என்பேன். மாதம் ஒன்றில் உடையும் ஜக்கு நிறுவனத்தின் பெயரை மேசையிலிருந்து இறக்கிவிடும். உறுதியாகச் செய்வது அவர்களுடைய சுயநலம். அச்சில் வார்த்தது, கைவேலை இல்லை என்ற குறைக்கு 1954-இல் வந்த தூராலெக்ஸின் பிக்கார்டி டம்ளரைக் காட்டுவேன். முழுக்க இயந்திரத்தில் பிறந்த, பதப்படுத்திய கண்ணாடி. அதன் வளைவில் குற்றம் சொல்பவர் யார்? (தூராலெக்ஸ் டம்ளர்களின் அடியில் இருக்கும் அச்சு எண்ணைப் பார்த்துப் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் வயது என்று சொல்லி விளையாடுவார்கள். அதிலும் குடித்தது தண்ணீர்தான்.) ஷேக்கர் அன்பர்களோடு சண்டை இல்லை, ஆனால் அது அமெரிக்கப் பழக்கத்துடன் வந்த விருந்தாளி, நடப்பதை உலோகத்துக்குள் ஒளித்துவைப்பது. ஜக்கு எல்லாவற்றையும் கண்ணெதிரே நடத்துகிறது.

சமையலறைச் சாமான்களையும், செய்யும் வேலையை வைத்து மதிக்கும் இந்த அளவுகோலால்தான் பார்க்க வேண்டும். பெரியதிலிருந்து சிறியதாக வரிசை கட்டும் எனாமல் டப்பாக்களில் மாவு, சர்க்கரை, காப்பி என்று எழுத்து; சில வரிசைகளில் சிக்கரிக்கும் தனி டப்பா உண்டு. நிஜமாகப் புழங்கிய டப்பாவில் எனாமல் பெயர்ந்திருப்பது மூடி உரசும் விளிம்பிலும் அடித்தட்டிலும்தான். இப்போது வரும் புதுப் 'பழசு'களில் நடுவயிற்றில் சுத்தியலால் தட்டிய காயம், அதன்மேல் வரவழைத்த துரு. பெழோ நிறுவனம் 1840-இலிருந்து, அதாவது கார் செய்வதற்கு அரை நூற்றாண்டு முன்பிருந்தே, காப்பி அரவை இயந்திரம் செய்தது. அதன் எஃகுப் பற்கள் இன்றும் அரைக்கும், ஆனால் வாங்குபவர்கள் அதன் இழுப்பறையில் உலர்ந்த பூவைப் போட்டுவைக்கிறார்கள். வில்தியூ-லே-போயெல் ஊரின் செப்புப் பாத்திரத்தைப் பளபளவென்று தேய்த்து மாட்டிவிட்டு, உள்ளே ஈயம் போய்விட்டதா என்று எட்டிப் பார்ப்பதில்லை.

அப்சிந்த் சாமான்களின் கதி இன்னும் மோசம். ஈஃபில் கோபுர வடிவக் கரண்டிகளில் போலிகள் மலிந்துவிட்டன. சர்க்கரைக் கட்டியைக் கொளுத்தும் வித்தை 1990களில் செக் மதுக்கடைகளில் கிளம்பியது. பழைய பிரான்ஸில் அப்படியொரு பழக்கம் கிடையாது. அதைப் 'பாரம்பரியம்' என்று நம்பி நூறு வருஷக் கரண்டியைக் கருக்கிவைப்பவர்களை என்ன சொல்வது? ஜக்கை வாங்க நினைப்பவர்களுக்கு மட்டும் ஒன்று: அடியில் சில்லு பெயர்ந்திருந்தால் பாதகமில்லை, பேரம் பேச உதவும். கைப்பிடி உடலோடு சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தால் விட்டுவிடுங்கள். ஐஸும் தண்ணீருமாக நிரப்பித் தூக்கும்போது பாரம் முழுவதும் அங்கேதான் விழும்.