ஒரு நிரல், பல திரைகள்

இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் கேம் ஒன்றைச் செய்ய நினைப்பவர்கள் முதலில் தடுமாறுவது எந்தக் கேம் இஞ்சின், யூனிட்டியா கோடோவா என்பதில்தான். ஒருதடவை எழுதினால் அன்ட்ரொய்ட், ஐபோன், விண்டோஸ் எல்லாவற்றிலும் ஓட வேண்டும். ஆசை நியாயமானது. இலங்கையின் கிழக்குக் கரையில், ஆலையடிவேம்பில் கூட்டாளிமார் நால்வர் சேர்ந்தால் மூவரிடம் போன் இருக்கும், ஒருவரிடம் லெப்டொப். அவரை விட்டுவிட்டு ஆட மனம் வராது.

நவி மும்பையின் கேம்ஷன் நிறுவனம் யூனிட்டியில் செய்து 2016இல் வெளியிட்ட லூடோ கிங் இதற்கு நல்ல சான்று. 2020 ஊரடங்கில் ஆளுக்கொரு ஊரில் அகப்பட்ட குடும்பங்களை அது ஒரே பலகையில் உட்கார வைத்தது. அந்த வெற்றியை முழுக்க யூனிட்டியின் கணக்கில் எழுதிவிட முடியாது. லூடோ முறைவைத்து ஆடுவது. காய் நகர்ந்த செய்தி ஒரு வினாடி பிந்தினாலும் எவரும் கோபிக்கமாட்டார்கள்.

சுடும் ஆட்டத்தில் கதை வேறு. சேர்வர் சிங்கப்பூரில் என்று வைத்துக்கொள்வோம். ஆலையடிவேம்பு வங்கக் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. கடலடிக் கேபிள்கள் கரையேறுவதோ கொழும்பு, கல்கிசை, மாத்தறைப் பக்கம். கிழக்கே போகவேண்டிய தரவு முதலில் தீவைக் கடந்து எதிர்ப்பக்கம் போகிறது. அந்தத் தாமதத்தை மறைக்க, சேர்வரின் பதிலுக்குக் காத்திராமல் அசைவை ஆட்டக்காரரின் கணினியே ஊகித்துக் காட்டும் உத்தியை 1996இல் குவேக் ஆட்டத்தின் இணையப் பதிப்பான குவேக்வேர்ல்ட் கொண்டுவந்தது. இஞ்சினைத் தெரிவுசெய்த கையோடு இது தானாக நடந்துவிடாது.

கைகளும் ஒன்றல்ல: போனில் விரல், கணினியில் மவுஸ். பப்ஜி மொபைலைக் கணினியில் எமுலேட்டர் வைத்து ஆடுபவர்கள் தனியாகப் பிரிக்கப்படுகிறார்கள். போனில் ஆடும் ஒருவர் அவர்களில் ஒருவரோடு அணி சேர்ந்தால், அவரும் மவுஸ்காரர்கள் நடுவில்தான் போய் விழுவார். தளங்களை இணைத்தபின் மறுபடி வேலி போடவேண்டியதாயிற்று.

தமிழருக்கு இன்னொரு தலைவலி உண்டு. அன்ட்ரொய்ட் தன்னளவில் தமிழை ஒழுங்காகவே காட்டும். ஆனால் கேம் இஞ்சின் எழுத்தையும் தானே வரைகிறது. யூனிட்டியில் பரவலாகப் பயன்படும் டெக்ஸ்ட்மெஷ் புரோவில் தமிழை அப்படியே போட்டால், ‘கெ’யின் கொம்பு முன்னே வராமல் ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 2023இல் வந்த கோடோ 4 இதைச் சரியாகச் செய்கிறது.

டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழக மாணவர் மூவர் 1995இல் தொடங்கிய ஃப்ரீசிவ் என்ற ஆட்டம் வேறு வழியில் போனது. விதிகள் எல்லாம் சேர்வரில். திரையை யாரும் எழுதலாம். ஜிடிகே, கியூட்டி, எஸ்டிஎல் எனப் பல கிளையன்ட்கள் வந்தன. ஒவ்வொன்றையும் பராமரிக்க ஆள் வேண்டுமே! இரண்டு மூன்று பேர் கொண்ட குழுவுக்கு அது கட்டாது. அவர்களுக்கு யூனிட்டியோ கோடோவோதான் வழி. ஆனால் சேர்வரோடு பேசும் முறையை இஞ்சினைத் தொடுமுன்பே தாளில் எழுதி, படமில்லாத வெறும் எழுத்துத் திரையில் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். மைன்கிராஃப்டின் ஜாவா, பெட்ரொக் பதிப்புகள் இந்தப் பேசும் முறையில் தனித்தனி வழியில் வளர்ந்தன. ஒரே பெயருள்ள ஆட்டத்தின் இந்த இரு பதிப்புகளை ஆளுக்கொன்றாக வைத்திருக்கும் இருவரால், இடையில் தனி மென்பொருள் இல்லாமல் இன்றும் ஒரே சேர்வரில் சேர முடிவதில்லை.