பதினொரு சிறகு, ஒரு நிழல்

1998-இல் வெளிவந்த ஸ்டார்கிராஃப்ட் விளையாட்டில் மியூட்டலிஸ்க் என்றொரு பறக்கும் பூச்சி உண்டு. ஒரே அடி மூன்று பேர் மீது தாவும்: முதலாமவனுக்குச் சேதம் 9, அடுத்தவனுக்கு 3, கடைசியாக 1. தனியாகப் போனால் நோஞ்சான். கீழே துப்பாக்கியோடு நிற்கும் நாலு மரீன்களே போதும், கதை முடிந்துவிடும்.

அதனால் கூட்டமாகத்தான் அனுப்ப வேண்டும். ஆனால் ஒரு முறைக்கு 12 உருக்களைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். 11 மியூட்டலிஸ்க்குகளோடு, எங்கோ மூலையில் மிதக்கும் ஓவர்லார்ட் என்ற இன்னொரு உருவையும் ஆட்டக்காரர்கள் சேர்த்துக்கொள்வார்கள். கூட்டத்தில் ஒருவர் வெகுதூரத்தில் இருந்தால், அணிவகுப்பைக் கைவிட்டு எல்லோரும் ஒரே புள்ளிக்குப் போவார்கள். பதினொன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக்கொண்டு ஒற்றைப் பூச்சி போலப் பறக்கும். இப்போது ஒரு வீச்சுக்கு 99. மரீனின் உயிர் வெறும் 40.

அதற்குப் பிறகு எல்லாம் விரல்தான். உள்ளே பாய், அடி, அடி பட்டதைப் பார்க்கக்கூட நிற்காமல் திரும்பு. மலை விளிம்புக்குப் பின்னால் ஒதுங்கி, வேறு பக்கமாக வா. எதிரியின் ஏவுகணைக் கோபுரத்தின் உயிர் 200. இரண்டு வீச்சுக்கு 198. அந்த மிச்ச இரண்டுக்காக மூன்றாம் முறை உள்ளே போய்ச் செத்த கூட்டங்கள் எத்தனையோ! தாக்குதலை ஒரு படி உயர்த்தினால் இரண்டே வீச்சில் விழும்.

எதிரியின் அறிவியல் கலம் கூட்டத்தில் ஒன்றின்மேல் கதிர்வீச்சைப் பாய்ச்சினால், பக்கத்தில் இருப்பவற்றையும் அது தாக்கும்; நெருக்கமே வினையாகும். பட்டதை மட்டும் சட்டென்று பிரித்துத் தூர ஓட்டிவிட வேண்டும்.